கோடியும் கட்டிலும்: பூந்தமல்லி சாலையின் பேரேடு

ஒரு தொழில்நுட்ப நிறுவனம் தமிழ்நாட்டுக்கு வருகிறது என்றால், அதற்கு முன்பே இரண்டு எண்கள் வந்துவிடும். எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை. 2025 அக்டோபர் 13 அன்று ஃபாக்ஸ்கான் பற்றித் தமிழ்நாடு அரசு அறிவித்தபோதும் இந்த இரண்டுதான் தலைப்புச் செய்தி: 15,000 கோடி ரூபாய், 14,000 வேலை. வகுத்துப் பார்த்தால் ஒரு வேலைக்கு 1 கோடியே 7 லட்சம் ரூபாய். புதிய முதலீடு எதுவும் பேசப்படவில்லை என்று நிறுவனத் தரப்பு விளக்கம் சொன்னதும், அதற்கு அமைச்சர் பதில் சொன்னதும் அடுத்த சில நாட்களின் விவாதமாகிப் போயின.

அந்த விவாதத்திலும் எழாத கேள்விகள் சில உண்டு. அந்த 14,000 பேர் எங்கே படுத்து உறங்குவார்கள்? எத்தனை மணிக்கு கம்பெனி பஸ் ஏறுவார்கள்? வேலை எத்தனை ஆண்டு நிலைக்கும்? இவற்றுக்கு விடை தேட வேண்டிய இடம் பூந்தமல்லி, திருமழிசை, நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம் வட்டாரம். பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ்களை இந்தப் பகுதி பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறது.

இந்தத் தொழிற்சாலைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை இன்னும் வர வேண்டும். அங்கே செய்யும் கைப்பேசியும் நல்ல பொருள். என் குறை இந்த நிறுவனங்கள் கணக்கு எழுதும் முறையைப் பற்றியது. ஒரு திருகாணி குறைந்தால் கண்டுபிடிக்கும் நிறுவனங்கள் ஒரு கட்டில் குறைவதைக் கடைசியில்தான் பார்க்கின்றன. அதைப் பார்க்க வைக்கவே இந்தப் பேரேடு.

பதிவு 1: ஆவடியும் அம்பத்தூரும்

பழைய கணக்கிலிருந்து தொடங்குவோம். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் நிறுவப்பட்டது. அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது 1965 டிசம்பர் 29 அன்று. தொழிற்சாலையோடு சேர்த்துக் குவார்ட்டர்ஸ் கட்டினார்கள், பள்ளிக்கூடமும் கட்டினார்கள். கேட்டிலிருந்து வீடு சைக்கிள் மிதிக்கும் தூரம். 2021 அக்டோபர் 1 முதல் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, கவச வாகனங்களுக்கான நிறுவனத்தின் தலைமையிடமும் ஆவடியிலேயே அமைந்தது. அறுபது ஆண்டுகள் ஆகியும் அந்தத் தொழிற்சாலை ஊரை விட்டுப் போகவில்லை. அப்பா வேலை பார்த்த இடத்தில் மகனும் வேலை பார்த்த வீடுகள் ஆவடியில் நிறைய உண்டு.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் வந்தது. ஏறத்தாழ 1,430 ஏக்கர், சுமார் 1,800 தொழிற்கூடங்கள். அங்கே குவார்ட்டர்ஸ் கிடையாது. ஆனால் பட்டறைகள் சிறியவை, ஊருக்குள்ளேயே இருந்தவை. லேத்தில் நிற்பவர் கொரட்டூரிலோ பாடியிலோ ஒரு போர்ஷன் பிடித்துக் குடும்பத்தோடு இருக்க முடிந்தது. ஒரு பட்டறை மூடினால் அடுத்த தெருவில் இன்னொன்று இருந்தது.

ஆவடியில் வீட்டுக்கு அரசு பொறுப்பேற்றது. அம்பத்தூரில் ஊர் ஏற்றுக்கொண்டது. கைப்பேசித் தொழில் வந்தபோது அந்தப் பொறுப்பு யாருடையது என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

பதிவு 2: நோக்கியா, 2006–2014

தமிழ்நாடு அரசுக்கும் நோக்கியாவுக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தம்: 2005 ஏப்ரல்.
ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடக்கம்: 2006 ஜனவரி.
உச்சத்தில் நேரடி வேலை: சுமார் 8,000 பேர்.
2011-க்குள் செய்து முடித்த கைப்பேசிகள்: 50 கோடி.
உற்பத்தி நிறுத்தம்: 2014 நவம்பர் 1.

ஐந்தரை ஆண்டில் 50 கோடி என்றால் நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை லட்சம் கைப்பேசிகள். உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் அப்போது ஸ்ரீபெரும்புதூரில் செய்த ஒரு போன் யாரோ ஒருவர் சட்டைப்பையில் இருந்திருக்கும். பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமோவும் முடித்த பெண்கள் முதல்முறையாகத் தம் பெயரில் வங்கிக் கணக்கும் ஏ.டி.எம். அட்டையும் வைத்துக்கொண்டார்கள். இது வரவுப் பக்கம். இதைக் குறைத்து எழுதக் கூடாது.

பற்றுப் பக்கத்தில் வேறு எண்கள். 2010 அக்டோபர் 31 அன்று ஒரு பெண் தொழிலாளி இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். 2013-இல் வருமான வரித்துறை சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டது. பின்னர் மாநில வணிகவரித் துறையும் 2,400 கோடி கேட்டது. 2013 செப்டம்பரில் நோக்கியா தன் கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தது. ஆலையை மாற்றிக் கொடுக்க 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதம் விற்பனை முடிந்தபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலை அதில் இல்லை. சுமார் 5,000 பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். நோக்கியாவை நம்பியிருந்த ஃபாக்ஸ்கானின் பழைய ஆலையும் 2014 டிசம்பரில் நின்றது.

வரிப் பிரச்சினை 2018-இல் இந்தியாவும் பின்லாந்தும் பேசி 20 கோடியே 20 லட்சம் யூரோவில், அன்றைய மதிப்பில் சுமார் 1,600 கோடி ரூபாயில், தீர்ந்தது. நிறுவனத்தின் கணக்கும் நேர் ஆனது, அரசின் கணக்கும் நேர் ஆனது. தொழிலாளியின் கணக்கு என்ன ஆனது?

18 வயதில் 2006-இல் சேர்ந்தவருக்கு ஆலை மூடும்போது 26 வயது. கையில் எட்டு ஆண்டு பத்து மாத அனுபவம், அதுவும் ஒரே ஒரு நிறுவனத்தின் லைனில் ஒரே வகை வேலை. 'விருப்ப ஓய்வு' என்ற சொல்லை 26 வயதுக்காரரின் படிவத்தில் எழுதிய தொழில் இது. ஆலைக் கட்டடம் வீணாகவில்லை என்பது உண்மைதான். 2019-இல் சால்காம்ப் நிறுவனம் அதை வாங்கியது, இன்று அங்கே மீண்டும் வேலை நடக்கிறது. இடையில் கழிந்த ஐந்து ஆண்டுகளை எந்த நிறுவனமும் தன் பற்றில் எழுதிக்கொள்ளவில்லை.

பதிவு 3: 2021 டிசம்பர், ஒரு வேளைச் சாப்பாடு

சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் அப்போது ஐபோன் செய்துகொண்டிருந்தவர்கள் சுமார் 17,000 பேர், பெரும்பாலும் இளம்பெண்கள். மாதச் சம்பளம் சுமார் 10,500 ரூபாய். மாதத்துக்கு 26 நாள் வேலை என்று வைத்தால் நாளுக்கு 404 ரூபாய். அவர்கள் செய்த ஐபோன் 12 இந்தியாவில் அறிமுகமான விலை 79,900 ரூபாய். ஒரு போனின் விலை 198 நாள் கூலி. தங்கவும் சாப்பிடவும் அந்தச் சம்பளத்திலிருந்துதான் பணம் போனது.

டிசம்பர் மாத நடுவில் பூந்தமல்லி அருகே உள்ள ஒரு ஹாஸ்டலில் சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 159 பேர். சேர்க்கப்படாமல் சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் ஏறத்தாழ 100 பேர். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. அது பொய் என்று பின்னர் தெரிந்தாலும், தோழிகளின் நிலையைச் சரியாகச் சொல்ல ஆளில்லாத இடத்தில் வதந்திதான் செய்தியாகிறது. டிசம்பர் 17 இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள்.

ஆலை டிசம்பர் 18 முதல் மூடியது, ஜனவரி 12 அன்றுதான் திறந்தது. 25 நாள். அதில் நான்கு ஞாயிறைக் கழித்தால் 21. அதை 17,000 பேரால் பெருக்கினால் 3,57,000 ஆள்நாள். மருத்துவமனையில் படுத்தவர்கள் மொத்தத் தொழிலாளர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அந்த ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களின் சாப்பாட்டுத் தட்டைக் கவனிக்காததால் உலகத்தின் மிக விலையுயர்ந்த உற்பத்தி வரிசைகளில் ஒன்று மூன்று வாரத்துக்கு மேல் நின்றது.

தொலைவில் உள்ள சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஃபாக்ஸ்கான் உள்ளூர் நிர்வாகத்தை மாற்றி அமைத்தது, மூடிய நாட்களுக்கும் சம்பளம் தருவதாகச் சொன்னது. இவை சரியான நடவடிக்கைகள். ஆனால் விதி ஏட்டில் முன்பே இருந்தது. வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு, விடுதி சுத்தமாக இருக்க வேண்டும் என்று சப்ளையர்களுக்கு ஆப்பிள் எழுதி வைத்த விதிகள் அன்றும் நடப்பில் இருந்தவைதான். விதிக்கும் விடுதிக்கும் நடுவே ஃபாக்ஸ்கான், அதன் கீழ் ஆள் எடுக்கும் ஏஜென்சி, அதன் கீழ் ஹாஸ்டல் நடத்துபவர், அவருக்குக் கீழ் சமையல் ஒப்பந்தம் என்று படிகள் இறங்கிக்கொண்டே போகின்றன. ஒவ்வொரு படியிலும் பொறுப்பு கொஞ்சம் கரைந்து, கடைசிப் படியில் நிற்கும் பெண்ணிடம் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

பதிவு 4: ஒரு கட்டிலின் விலை

அந்த மறியலுக்கு 2 ஆண்டு 8 மாதம் கழித்து, 2024 ஆகஸ்ட் 17 அன்று, வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கான குடியிருப்பு திறக்கப்பட்டது. கட்டியது அரசின் சிப்காட். 20 ஏக்கர், 13 அடுக்குமாடிகள், 18,720 படுக்கைகள். செலவு 706 கோடியே 50 லட்சம் ரூபாய். இந்தியாவில் தொழிலாளர்களுக்காக இவ்வளவு பெரிதாகக் கட்டியது அரிது. தமிழ்நாடு அரசு இதற்காகப் பாராட்டப்பட வேண்டும்.

இப்போது வகுத்துப் பார்ப்போம்.

ஒரு படுக்கைக்குச் செலவு: 3,77,404 ரூபாய்.
முப்பது ஆண்டுக்குப் பிரித்தால், வட்டி இல்லாமல்: மாதம் 1,048 ரூபாய்.
ஒன்பது சதவீத வட்டிக் கடனில் கட்டியிருந்தால்: மாதம் சுமார் 3,037 ரூபாய்.

2021-இன் சம்பளமான 10,500 ரூபாயில் 3,037 என்பது நூற்றுக்கு 29. இதில் சாப்பாடு சேரவில்லை, தண்ணீரும் மின்சாரமும் சேரவில்லை. நல்ல கட்டிலின் முழு விலையைத் தொழிலாளி தன் சம்பளத்திலிருந்து கொடுக்க முடியாது. அதனால்தான் மலிவான ஹாஸ்டல்கள் உருவாகின்றன, ஒரு அறைக்குள் ஆள் எண்ணிக்கை ஏறுகிறது. ஹாஸ்டல் நடத்துபவரை மட்டும் திட்டி இந்தக் கணக்கை நேராக்க முடியாது.

போனை வாங்குபவரும் விற்பவரும் இந்தச் செலவைக் கொடுத்தால் எவ்வளவு ஆகும்? கணக்குக்கு எளிதாக, ஆண்டுக்கு ஒரு கோடி போன் என்று வைத்துக்கொள்வோம். 706.50 கோடி ரூபாயை ஒரே ஆண்டின் போன்கள் மீது ஏற்றினால் போன் ஒன்றுக்கு 706 ரூபாய் 50 காசு. பத்து ஆண்டின் போன்கள் மீது பரப்பினால் 71 ரூபாய்கூட முழுதாக இல்லை. 79,900 ரூபாய் போனில் 71 ரூபாய். ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். 2024 நிதியாண்டில் ஆப்பிளின் நிகர லாபம் சுமார் 9,374 கோடி டாலர். டாலருக்கு 84 ரூபாய் என்று வைத்தால் நாளொன்றுக்குச் சுமார் 2,157 கோடி ரூபாய், மணிக்கு 90 கோடி. 18,720 படுக்கைகளின் மொத்தச் செலவு அந்த நிறுவனத்தின் எட்டு மணி நேர லாபத்துக்குள் அடங்கிவிடுகிறது. எட்டு மணி நேரம் என்பது ஒரு ஷிப்ட்.

மத்திய அரசு 2020-இல் கைப்பேசி உற்பத்திக்கு அறிவித்த ஊக்கத்தொகைத் திட்டத்தின் மொத்த ஒதுக்கீடு சுமார் 41,000 கோடி ரூபாய். கூடுதலாக விற்கும் பொருளின் மதிப்பில் 4 முதல் 6 சதவீதம் நிறுவனத்துக்குக் கிடைக்கும். ஆலை விலை 40,000 ரூபாய் உள்ள போனுக்கு 4 சதவீதம் 1,600 ரூபாய். இதைப் பெற எவ்வளவு முதலீடு செய்ய வேண்டும், எவ்வளவு விற்க வேண்டும் என்று வரையறை உண்டு. எத்தனை பேருக்குத் தங்குமிடம் தர வேண்டும் என்று வரையறை இல்லை. பொதுப்பணம் தரும்போது கேட்காத கேள்வியைப் பிறகு கேட்க முடியாது.

பதிவு 5: தூரமும் நேரமும்

பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரத்துக்கு மெட்ரோ பாதையை நீட்டும் திட்டத்தின் நீளம் 27.9 கிலோமீட்டர், மதிப்பீடு 8,779 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 315 கோடி. அது வரும் வரை பஸ்தான்.

போக வர 56 கிலோமீட்டர். மாதம் 26 நாளுக்கு 1,456 கிலோமீட்டர். ஆண்டுக்கு 17,472 கிலோமீட்டர். ஒரு வழிக்கு ஒரு மணி நேரம் என்று எடுத்தால் ஆண்டுக்கு 624 மணி நேரம், அதாவது எட்டு மணி நேர வேலைநாளாக மாற்றினால் 78 நாள். பூந்தமல்லியில் தங்கி சுங்குவார்சத்திரத்தில் வேலை பார்க்கும் பெண் ஆண்டில் 78 வேலைநாள் அளவுக்குப் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறார். இதற்குச் சம்பளம் கிடையாது.

இதை மனதில் வைத்துத்தான் நாளுக்கு 12 மணி நேர வேலையை அனுமதிக்கும் மசோதாவைப் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரல் 21 அன்று சட்டப்பேரவையில் நிறைவேறியது. ஏப்ரல் 24 அன்று நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற உச்சவரம்பு மாறாது, நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுப்பு என்று அதற்கு ஆதரவாகச் சொன்னார்கள். காகிதத்தில் கணக்கு சரி. பஸ் நேரத்தைச் சேர்த்தால் 12 மணி நேரம் 14 ஆகிறது. குளித்து, சாப்பிட்டு, துணி துவைத்துவிட்டுத் தூங்க மிஞ்சுவது எத்தனை மணி என்பதை அந்த மசோதாவை எழுதியவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. பத்து நாளில் அது பின்வாங்கப்பட்டது நல்லதே.

பதிவு 6: யார் உள்ளே, எத்தனை நாள் வெளியே

2024 ஜூலையில் தொழிலாளர் துறை அதிகாரிகள் ஃபாக்ஸ்கான் ஆலைக்குச் சென்றார்கள். திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்ற செய்தி வந்ததை அடுத்த விசாரணை அது. நிறுவனம் கொடுத்த எண்கள்: மொத்தம் 41,281 பேர், அதில் பெண்கள் 33,360. திருமணமானவர்கள் 2,750.

நூறு பெண்களில் எட்டுப் பேர். பாகுபாடு காட்டுவதில்லை என்பது நிறுவனத்தின் பதில். எண்ணைப் பார்க்கும் எனக்கு இன்னொன்றும் தெரிகிறது. தனி ஆளுக்குக் கட்டில் போட்ட தொழிலில் குடும்பத்துக்கு இடம் இல்லை. திருமணம் ஆனவருக்கு ஹாஸ்டலில் கட்டில் கிடையாது, சுங்குவார்சத்திரத்தில் சமாளிக்கிற வாடகைக்கு வீடு கிடைப்பது கடினம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. வேலைக்கு எடுப்பதற்குத் தடை இல்லாவிட்டாலும், வேலையில் நீடிப்பதற்கான வழி எதுவும் இல்லை. மேலும், 33,360 பெண்களில் 18,720 பேருக்குப் புதிய குடியிருப்பில் இடம் கிடைத்தாலும் மீதி 14,640. சிலர் வீட்டிலிருந்து வருகிறவர்கள் என்பது உண்மை. மற்றவர்களின் கட்டில் இன்னும் தனியார் ஹாஸ்டலில்தான்.

சாம்சங்கின் எண் 37. ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் அவர்களது ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் அத்தனை நாள் நீடித்தது. சுமார் 1,800 தொழிலாளர்களில் 1,500 பேர் வெளியே நின்றார்கள். பெருக்கினால் 55,500 ஆள்நாள். முக்கியக் கோரிக்கை, தங்கள் சங்கத்துக்கு ஒரு பதிவு எண். அந்தப் பதிவு 2025 ஜனவரி 27 அன்று கிடைத்தது. இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் 1926-ஐச் சேர்ந்தது. அப்போது நூறு ஆண்டை நெருங்கிக்கொண்டிருந்த ஓர் உரிமையைப் பெற 55,500 ஆள்நாள் செலவாயிற்று. உட்கார்ந்து பேசியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும் வேலை அது.

நிகரம்

வரவுப் பக்கத்தை மறைக்கவில்லை. தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2020–21-இல் 166 கோடி டாலர், 2024–25-இல் 1,465 கோடி டாலர். நான்கே ஆண்டில் கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. நாட்டின் மொத்த மின்னணு ஏற்றுமதியில் 41 சதவீதம் அந்த ஆண்டு இங்கிருந்து போனது. பல்லாயிரம் பெண்களின் கைக்குச் சம்பளம் வருகிறது, அவர்கள் ஊரில் வீடு ஓட்டிலிருந்து காங்கிரீட்டுக்கு மாறுகிறது, தம்பியின் கல்லூரிக் கட்டணம் கட்டப்படுகிறது. இந்த வளர்ச்சி நிற்கக் கூடாது.

ஆனால் 1,465 கோடி டாலர் என்பது அந்த ஆண்டின் மதிப்பில் சுமார் ஒன்றேகால் லட்சம் கோடி ரூபாய். 18,720 கட்டில்களின் செலவு அதில் 0.6 சதவீதம்கூட இல்லை. பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கட்டிலைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ள நிறுவனங்கள் பெரிதாக முன்வரவில்லை, அவ்வளவுதான். கேட்க வேண்டிய அரசும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது கேட்கவில்லை.

அதனால் இனி எந்தப் புரிந்துணர்வு ஒப்பந்தத்திலும் கோடிக்கும் வேலைக்கும் பக்கத்தில் நான்கு எண்கள் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது, கட்டில். நூறு வெளியூர்த் தொழிலாளிக்கு எத்தனை படுக்கை, ஆலையிலிருந்து எத்தனை கிலோமீட்டருக்குள், அதில் குடும்பத்துக்கு எத்தனை வீடு. செலவு போனின் விலையில் ஏற வேண்டும், சம்பளத்தில் இறங்கக் கூடாது.

இரண்டாவது, ஆண்டு. குறைந்தது எத்தனை ஆண்டு ஆலை நடக்கும், அதற்கு முன் மூடினால் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு. நோக்கியா காலத்தில் அரசு தன் வரிக்கு உத்தரவாதம் கேட்டது. தொழிலாளியின் எட்டு ஆண்டுக்கும் அப்படி ஒரு உத்தரவாதத் தொகை வேண்டும்.

மூன்றாவது, படி. நிறுவனத்துக்கும் சமையல்காரருக்கும் நடுவே எத்தனை ஒப்பந்தக்காரர்கள், அவர்கள் யார் யார். இரண்டு படிக்கு மேல் இருந்தால், நடக்கும் எதற்கும் கைப்பேசியில் தன் பெயரைப் பொறிக்கும் நிறுவனமே நேரடிப் பொறுப்பு.

நான்காவது, நேரம். பஸ் ஏறுவதிலிருந்து இறங்குவது வரை எத்தனை மணி. அது பத்து மணி நேரத்தைத் தாண்டினால் தாண்டிய நேரத்துக்குச் சம்பளம்.

இந்த நான்கில் எதுவும் தொழிற்சாலையைத் துரத்தாது. 79,900 ரூபாய் போனுக்கு 71 ரூபாய் அதிகமானால் வாங்குபவர் பின்வாங்கப் போவதில்லை. அடுத்த நிறுவனம் வரும்போது, மேடையில் கோடி கணக்கு வாசித்து முடித்ததும், செய்தியாளர் சந்திப்பில் யாராவது ஒருவர் எழுந்து கட்டில் எத்தனை என்று கேட்க வேண்டும். பதில் எண்ணாக வர வேண்டும், எழுத்தில் வர வேண்டும். அது வரும்வரை அந்த ஒப்பந்தத்தில் அரசு கையெழுத்துப் போடக் கூடாது.